காய்ச்சல் விட்ட பிறகு குடலில் ரத்தம் உறையுமா? முதல் ராத்திரியே கண்டுபிடித்திருக்க முடியுமா?

நீங்கள் எழுதியிருப்பதை நான் புரிந்துகொண்டது இப்படி. அப்பாவுக்கு 51 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் தொழில். சர்க்கரையோ பிரஷரோ கிடையாது. காய்ச்சல் வந்தது, டெஸ்ட் எடுத்ததில் கோவிட் என்று தெரிந்தது, ஐந்து நாளில் விட்டது, வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டார். அடுத்த வாரம் ஒரு ராத்திரி தொப்புளைச் சுற்றித் தாங்க முடியாத வலி. பக்கத்து ஆஸ்பத்திரியில் கேஸ் என்று ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் மதியம் வயிறு உப்பி, வாந்தியோடு நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்தபோது, குடலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்று சொல்லி, அன்று இரவே ஆபரேஷன் செய்து சிறுகுடலில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். ‘சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கு ரத்தம் உறையுமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதல் ராத்திரியே பிடித்திருந்தால் குடல் தப்பியிருக்குமா, நாங்கள் தாமதித்துவிட்டோமா என்பது ஒன்று. திரும்ப வருமா, வீட்டில் மற்றவர்களுக்கும் வருமா என்பது இன்னொன்று. மூன்றுக்கும் சொல்கிறேன்.

நான் இந்த மாவட்டத்திலேயே பல வருஷமாகப் பொது அறுவை சிகிச்சை செய்துவருபவன். ரத்தவியல் நிபுணன் இல்லை. உங்கள் அப்பாவின் சி.டி. படத்தையோ ஆபரேஷன் குறிப்பையோ பார்க்கவும் இல்லை. அதனால் பொதுவாக உறுதியாகத் தெரிந்ததையும், அப்பாவின் விஷயத்தில் ஊகமாக மட்டுமே சொல்லக்கூடியதையும் பிரித்துப் பிரித்துச் சொல்கிறேன்.

முதல் கேள்வி. உறையும். அரிதுதான், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்பட்ட விஷயம். நம் ஊரில் காய்ச்சல் என்றாலே டெங்குவும் பிளேட்லெட் குறைவதும் ரத்தக்கசிவும்தான் நினைவுக்கு வருகின்றன. அதனால் காய்ச்சல் ரத்தத்தை ‘இளக்கும்’ என்றே பலரும் நம்புகிறார்கள். உண்மையில் பெரும்பாலான கடும் தொற்றுகள் ரத்தத்தை எதிர்ப்பக்கம்தான் தள்ளுகின்றன. ரப்பர் மரத்தில் பட்டையைச் சீவினால் பால் சிரட்டைக்கு ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் வெட்டின இடத்திலேயே ஒட்டுப்பாலாக உறைந்து காயத்தை மூடுகிறது. நம் ரத்தத்துக்கும் அந்தக் குணம் உண்டு, அது இல்லாவிட்டால் உயிர் தங்காது. வெட்டே இல்லாத இடத்தில், குழாய்க்குள்ளேயே அந்த உறைதல் தொடங்குவதுதான் நோய்.

அது ஏன் தொடங்குகிறது என்பதற்கு 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோவின் பேரில் நிலைத்துவிட்ட விளக்கத்தை இன்றைக்கும் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். ரத்தக்குழாயின் உட்சுவர் கெடுவது, ரத்தம் தேங்குவது, ரத்தத்தின் உறையும் தன்மை கூடுவது ஆகிய மூன்றும்தான் அது. கடும் வைரஸ் தொற்று இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யக்கூடியது. உடல் வைரஸோடு சண்டை போடும்போது வரும் அழற்சியில் ஃபைப்ரினோஜன் போன்ற உறைபொருட்கள் ரத்தத்தில் ஏறுகின்றன. குழாயின் உட்சுவர் வழவழப்பை இழக்கிறது. காய்ச்சலில் தண்ணீர் குடிக்காமல், எழுந்து நடக்காமல் கிடந்தால் ஓட்டமும் மந்தமாகிறது. இவ்வளவும் உறுதி. கோவிட் வைரஸ் உட்சுவர்ச் செல்களுக்குள் நேரடியாகப் புகுந்து கெடுக்கிறதா, இல்லை சுற்றியுள்ள அழற்சியே அந்த வேலையைச் செய்கிறதா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

எவ்வளவு அரிது என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கு ஓரளவு மனம் ஆறும். சுவீடனில் கோவிட் வந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து 2022-இல் ஓர் ஆய்வு வெளியானது. தொற்றுக்குப் பிந்தைய 30 நாளில் நுரையீரல் ரத்தக்குழாய் அடைத்தவர்கள் 0.17 சதவீதம். அதாவது பத்தாயிரம் பேரில் சுமார் 17 பேர். காலின் ஆழ்சிரையில் உறைந்தது அதையும்விடக் குறைவு. ஆனால் காலில் உறையும் ஆபத்து மூன்று மாதம் வரைக்கும், நுரையீரலில் ஆறு மாதம் வரைக்கும் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இருந்தது. காய்ச்சல் விட்ட நாளோடு ஆபத்து முடிவதில்லை என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நுரையீரலையும் காலையும் விட்டுக் குடலுக்கு வருவது இன்னும் அபூர்வம்.

கோவிட் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். ஃப்ளூ காய்ச்சல் உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு ஆபத்து சுமார் ஆறு மடங்கு கூடுவதாக 2018-இல் கனடாவின் ஒன்ட்டாரியோ மாகாணத்திலிருந்து ஆய்வு வந்தது. சைட்டோமெகலோவைரஸ் என்று ஒன்று இருக்கிறது, நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாமலே வந்து போவது. அது சில சமயம் கல்லீரலுக்குப் போகும் சிரையிலும் குடல் சிரையிலும் ரத்தத்தை உறையவைக்கும். பிள்ளைகளுக்குச் சின்னம்மை போட்டு, கொப்புளம் காய்ந்துகொண்டிருக்கும் ஒரு வாரம் பத்து நாளில், மிக மிக அரிதாகத் தொடையிலோ காலிலோ திடீரென்று நாவல்பழ நிறத்தில் திட்டு விழுந்து மணிக்கணக்கில் பரவும். ரத்தம் உறையாமல் காக்கும் ‘புரோட்டீன் எஸ்’ என்ற பொருளுக்கு எதிராகவே அந்தப் பிள்ளையின் உடல் ஆண்டிபாடி தயாரித்துவிடுவதால் இது வருகிறது. வீங்கின தசையின் இறுக்கத்தைத் தளர்த்தக் கீறிவிடுவது, செத்த தோலை எடுத்துப் புதுத்தோல் ஒட்டுவது, சில நேரம் விரலையோ காலையோ எடுப்பது என்று அறுவை சிகிச்சை வரை போய்விடும். அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்று இருக்கிறவர்களிடம் இந்த ஒரு அறிகுறியை மட்டுமாவது சொல்லிவைக்க வேண்டும். கறுநீலத் திட்டு தெரிந்தால் தண்ணீர் ஊற்றும் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது, அதே மணிநேரம் கிளம்ப வேண்டும்.

தடுப்பூசியினால் இருக்குமோ என்று உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். சளிக்காய்ச்சல் தரும் அடினோவைரஸை அடிப்படையாகக் கொண்ட தடுப்பூசிகளுக்குப் பிறகு, நம் ஊரில் போட்ட கோவிஷீல்டும் அந்த வகைதான், மிக அரிதாக ரத்தம் உறைந்தது உண்மை. 2021-இல் அது உறுதியானது. ஊசி போட்ட சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் வரும், பிளேட்லெட் கூடவே விழும், பி.எஃப்.4 என்ற புரதத்துக்கு எதிரான ஆண்டிபாடி ரத்தத்தில் இருக்கும். வருஷங்கள் கழித்து வருவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அதே ஆண்டிபாடி, எந்தத் தடுப்பூசியும் இல்லாமல், இயற்கையான அடினோவைரஸ் காய்ச்சலுக்குப் பிறகே வந்து ரத்தத்தை உறையவைத்ததை 2023-இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அப்பாவுக்குப் பிளேட்லெட் எண்ணிக்கை சரியாக இருந்தது என்றால் இந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

இனி உங்களை உறுத்துகிற கேள்விக்கு வருகிறேன். சிறுகுடல் ஏறக்குறைய முழுவதுக்கும், பெருங்குடலில் பாதிக்கும் ரத்தம் கொடுப்பது ஒரே ஒரு பெரிய தமனி. மேல் குடல்தமனி என்று சொல்வோம். அது அடைத்தால் குடல் உள்ளேயிருந்து வெளியே சாகத் தொடங்குகிறது. முதலில் உள் சவ்வு, கடைசியில் வெளிச்சுவர். நாங்கள் கையால் அழுத்திப் பார்த்தால் வயிறு கல் மாதிரி இறுகியிருக்கிறதா என்று பார்ப்பது, வெளிச்சுவர் கெட்டு வயிற்று உறை அழன்ற பிறகு வரும் அடையாளம். முதல் சில மணி நேரத்தில் அது இருக்காது. ஆள் கட்டிலில் ஒரு நிலையில் படுக்க முடியாமல் புரள்வார், முழங்காலை மடக்குவார், எழுந்து உட்காருவார், நெற்றியில் வியர்வை நிற்கும். வயிற்றைத் தொட்டால் பஞ்சு மாதிரி இருக்கும். எக்ஸ்ரே சரியாக இருக்கும். சாதாரண வயிற்று ஸ்கேனில் குடலின் காற்று மறைத்து ஒன்றும் தெரியாது. ரத்தப் பரிசோதனையும் அந்த நேரத்தில் ஏறக்குறைய சரியாகவே வரலாம். வலி இவ்வளவு, வயிற்றில் காண்பது இவ்வளவுதான் என்ற அந்தப் பொருத்தமின்மைதான் முதல் மணி நேரங்களில் கிடைக்கும் ஒரே துப்பு. அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, ரத்தக்குழாய்க்கு மருந்து ஏற்றி சி.டி. ஆஞ்சியோ எடுத்தால் மட்டுமே தெரியும்.

அதனால்தான் அந்த முதல் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சட்டென்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ராத்திரி வயிற்று வலியோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையிலேயே வாயுவோ அல்சரோ பித்தப்பைக் கல்லோதான் இருக்கும். சி.டி. இல்லாத இடத்தில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். வலி ஊசி போட்டும் அடங்காத ஒருவரை, இரண்டு வாரத்துக்குள் கோவிட் வந்ததா என்று கேட்காமல் வீட்டுக்கு அனுப்பியது சரியில்லை. தெரியவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுப்பதே சரியான வைத்தியம்.

தப்பியிருக்குமா? ரத்தம் முழுசாக நின்றுபோன குடலில் சுமார் ஆறு மணி நேரத்தில் மீட்க முடியாத சேதம் தொடங்கிவிடும் என்பது பொதுக் கணக்கு. அதற்குள் தமனியைத் திறந்து, நுனியில் பலூன் உள்ள ஃபோகார்ட்டி குழாயை விட்டு உறைகட்டியை இழுத்து எடுத்தால், குடலில் கணிசமான பங்கைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. 1963-இல் தாமஸ் ஃபோகார்ட்டி கொண்டுவந்த கருவி அது, காலில் அடைத்தாலும் இதையே பயன்படுத்துகிறோம். இப்போது சில மையங்களில் வயிற்றைத் திறக்காமலே குழாய் வழியாக உறிஞ்சி எடுக்கிறார்கள். ஆனால் நடு ராத்திரி வலி வந்து, குலசேகரத்திலிருந்து வண்டி பிடித்து, சி.டி. எடுத்து, தியேட்டர் தயாராகி என்று பார்த்தால், எல்லாம் சரியாக நடந்தாலும் அந்த ஆறு மணி நேரத்தில் பெரும்பகுதி போயிருக்கும். கொஞ்சம் குறைவாக வெட்டியிருக்கலாம் என்று சொல்லலாம். முழுசாகத் தப்பியிருக்கும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். அடைத்தது தமனி இல்லாமல் சிரையாக இருந்தால் கதை வேறு. அதில் வலி நாள்கணக்கில் மெல்ல மெல்ல ஏறும், குடல் சாகாமல் இருந்தால், உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்திலேயே பலர் பிழைத்துக்கொள்வார்கள். உங்கள் அப்பாவுக்குத் திடீரென்று வந்ததாக எழுதியிருப்பதால் தமனி என்று ஊகிக்கிறேன். அது ஊகம்தான்.

‘இவ்வளவு வெட்டியிருக்க வேண்டுமா’ என்றும் கேட்டிருந்தீர்கள். வயிற்றைத் திறந்ததும் நாங்கள் பார்ப்பது நிறத்தையும் அசைவையும் துடிப்பையும்தான். நல்ல குடல் இளஞ்சிவப்பாக, பளபளவென்று, விரலால் சுண்டினால் மெல்ல நெளியும். செத்தது கறுத்து, ஒளி மங்கி, ஈரத்தாள் போலத் தொய்ந்து கிடக்கும், வாடையே காட்டிக்கொடுக்கும். தொல்லை இரண்டுக்கும் நடுவில் உள்ள ஊதா நிறப் பகுதி. வெதுவெதுப்பான சலைனில் நனைத்த துணியால் அதை மூடி, மயக்க மருத்துவரிடம் ஆக்சிஜனைக் கூட்டச் சொல்லி, பத்துப் பதினைந்து நிமிஷம் காத்திருப்போம். நிறம் திரும்பினால் விட்டுவைப்போம். அப்படியும் தெரியாவிட்டால், செத்ததை மட்டும் எடுத்துவிட்டு, 24 முதல் 48 மணி நேரத்தில் மறுபடி திறந்து பார்ப்போம். அப்பாவுக்கு இரண்டாவது தடவை தியேட்டருக்குக் கொண்டுபோனதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் ஆபரேஷன் தோற்றதாகப் பயந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. ஒவ்வோர் அங்குலமாகக் குடலைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே அடையாளம். இந்த நோயில் பாதிப்பேருக்கு மேல் இறந்துபோவதாகவே பாடநூல்கள் சொல்லும். அவர் வீடு வந்து சேர்ந்திருக்கிறார். நீங்கள் ஊசி போட்டபிறகும் அவரைக் கவனித்து, வயிறு உப்பியதைப் பார்த்ததும் கிளம்பியதற்கு அதில் பங்கு உண்டு.

திரும்ப வருமா என்பதற்கு, ஆபரேஷன் செத்த குடலை எடுத்ததே தவிர, உறையும் குணத்தை எடுக்கவில்லை. அதற்குத்தான் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. காய்ச்சல் மாதிரி தற்காலிகக் காரணத்தால் வந்தது என்றால் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் கொடுப்போம், வேறு காரணம் கிடைத்தால் ஆயுள் முழுக்கவும் இருக்கலாம். கொடுப்பது வார்ஃபரின் மாத்திரையாக இருந்தால், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையில் அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீரையிலுள்ள வைட்டமின் கே இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். அதற்காக முருங்கைக்கீரையை விலக்க வேண்டாம், ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான். தெம்பாக இருக்கிறது என்று மாத்திரையைத் தானாக நிறுத்துவதுதான் நான் மிகவும் பயப்படுவது. குடல் குறைந்தவர்களுக்கு மாத்திரை உடம்பில் சேர்வதும் மாறுபடலாம், ஆகவே எந்த மாத்திரை என்பதை அவருடைய மருத்துவரே முடிவு செய்யட்டும். பால் வெட்டுக் கத்தியோடு வேலைக்குத் திரும்பும் நாளையும் அவரிடமே கேளுங்கள், வெட்டுப்பட்டால் ரத்தம் சீக்கிரம் நிற்காது.

காரணம் கோவிட்தான் என்று முடிவு கட்டுவதற்கு முன் இதயத்தைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தாலும், பழைய வால்வு நோய் இருந்தாலும் இதயத்தில் உறைந்த கட்டி ஓடிவந்து இதே தமனியில் மாட்டும். ஈ.சி.ஜி.யும், எக்கோ என்ற இதய ஸ்கேனும் போதும். பிறவியிலேயே உறையும் குணம் இருக்கிறதா என்று பார்க்கும் புரோட்டீன் சி, எஸ் பரிசோதனைகளை அடைப்பு வந்த சமயத்திலும் வார்ஃபரின் சாப்பிடும்போதும் எடுத்தால் தப்பான முடிவுதான் வரும், பணமும் வீண். ரத்தம் உறைவதைத் தூண்டும் ஆண்டிபாஸ்போலிப்பிட் ஆண்டிபாடி என்ற இன்னொன்று, தொற்றுக்குப் பிறகு சும்மாவே சில வாரம் தென்பட்டு மறையும். பாசிட்டிவ் வந்தாலும் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்த பிறகே அதை நம்பலாம். அவற்றில் ஏதாவது உறுதியானால் உங்களுக்கும் தம்பிக்கும் பரிசோதனை தேவையா என்று அப்போது யோசிக்கலாம். இப்போதைக்குத் தேவையில்லை.

வீட்டில் யாருக்காவது அடுத்த இடவப்பாதி மழையில் காய்ச்சல் வந்தால், முன்னெச்சரிக்கை என்று ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள். அது டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். கோவிட்டில் கூட, வீட்டிலிருந்தே சிகிச்சை எடுத்தவர்களுக்கு ஆஸ்பிரினும், ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்ஸாபான் மாத்திரையும் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வை, அடைப்பு வருவதே மிகக் குறைவாக இருந்ததால் 2021-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். தண்ணீர், கஞ்சி, பாராசிட்டமால், முடிந்த அளவு எழுந்து நடப்பது, இவை போதும். காய்ச்சலின் போதோ விட்ட சில வாரத்திலோ ஊசிக்கும் அடங்காத வயிற்று வலி, திடீர் மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்குவது அல்லது வெளுத்துச் சில்லிட்டுப் போவது, இதுவரை இல்லாத தலைவலியோடு வலிப்பு அல்லது வாய் கோணுவது, இவற்றில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு, சி.டி. வசதி உள்ள இடத்துக்கே நேராகப் போங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியோ, மேற்கே இருப்பவர்கள் திருவனந்தபுரமோ, எது பக்கமோ அங்கே. போனதும் காய்ச்சல் வந்த தேதியை முதலில் சொல்லுங்கள்.

கடைசியாக அவருடைய சாப்பாடு. ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை வயிற்றுப்போக்கு போவதாக எழுதியிருக்கிறீர்கள். மீதியிருக்கும் சிறுகுடல் 200 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் இது எதிர்பார்க்கக்கூடியதே. மீதிக் குடல் தன்னைப் பழக்கிக்கொள்ள ஓரிரண்டு வருஷம்கூட ஆகலாம். மூன்று வேளையை ஆறு வேளையாகப் பிரியுங்கள். வேகவைத்த மரச்சீனி, குழைந்த சோறு, எண்ணெய் குறைத்த மீன் நல்லது. வெறும் தண்ணீரும் இனிப்புப் பானங்களும் போக்கைக் கூட்டும், உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் உள்ள ஓ.ஆர்.எஸ். மேல். சிறுகுடலின் கடைசிப் பகுதி போயிருந்தால் பி12 ஊசி ஆயுள் முழுக்கத் தேவைப்படலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்: அடைத்தது தமனியா சிரையா, மீதிக் குடல் எத்தனை சென்டிமீட்டர், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் உள்ள வால்வை விட்டுவைத்தார்களா. எழுதப்படவில்லை என்றால் ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. அந்த மூன்றையும் பெயர் விவரம் இல்லாமல் இங்கேயே எழுதினால், சாப்பாட்டையும் மாத்திரை காலத்தையும் பற்றி இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியும்.